கட்டம்போட்ட கோட்டு கண்டிக்குப் போனது

"குனிங்க! குனிங்கன்னா குனிங்க!"

பாலம்மா புருஷனின் தலைப்பாகையைப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினாள். கோப்பி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் மூக்கையா பொத்தென்று குந்தினான். ஒரு சாண் தள்ளிச் சாணி. நல்ல காலம்.

"என்ன புள்ள இது? பட்டணத்துக்கு நடுவுல மானத்த வாங்குற?"

"மானமா? வேலையே போகப்போகுது. கொளத்துக்கரையப் பாருங்க. யாரு நிக்கிறான்னு பாருங்க."

மூக்கையா சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே கண்ணை வைத்தான். வெயிலில் கண்டிக் குளம் பளபளத்தது. கரையோரமாக, லேஸ் வைத்த குடையைச் சுழற்றியபடி ஒரு வெள்ளைக்காரக் குமரி. பக்கத்தில், கொடிக்கம்புக்குத் தொப்பி போட்டது போல நெட்டையாய், ஒல்லியாய், செம்பட்டைத் தாடியோடு...

"ஐயையோ! நம்ம தொரை!"

"தொரையேதான். நீங்க போட்டிருக்கது அவரு கோட்டு."

அதுதான் சங்கதி. பழுப்பில் பச்சைக் கட்டம்போட்ட கம்பளிக் கோட்டு. முழங்கையில் தோல் ஒட்டு. இடது பையில் சுருட்டுச் சுட்ட ஓட்டை. ஹேவாஹெட்டப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில் பால்குடி மறக்காத பிள்ளைகூட அந்தக் கோட்டை அரை மைலில் அடையாளம் சொல்லும்.

மூக்கையா திருடன் இல்லை. போன பறிப்பு முடிந்த கையோடு கூலியாட்களை மேய்க்கும் சில்லறைக் கங்காணியாக உயர்ந்தவன். கங்காணி என்றால் கோட்டு வேண்டும். கோட்டில்லாத கங்காணியும் கொம்பில்லாத மாடும் ஒன்று என்பது தோட்டத்துப் பேச்சு. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து கண்டி, கண்டி என்று கேட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டியை முதல் தடவையாகப் பட்டணம் காட்ட அழைத்துப் போகிறவன் வெறும் தோளில் துண்டோடா போவது? நேரே சலவைக்காரச் சங்கிலியிடம் போய்த் தலையைச் சொறிந்தான். சங்கிலி அந்தச் சுற்றுவட்டத்துத் துரைமார் எல்லாருக்கும் வெளுப்பவன். வெளுக்கப் போன துணி வீடு திரும்புவதற்குள் எத்தனை கல்யாணத்தில் உட்கார்ந்து எழுந்து வரும் என்பது சங்கிலிக்கும் துணிக்கும் மட்டுந்தான் தெரியும்.

"தொரை ஹுன்னஸ்கிரியப் பக்கம் சிநேகிதரப் பாக்கப் போறாரு. நீ மகாராசனா போட்டுக்கிட்டுப் போய்ட்டு வா தம்பி" என்று சங்கிலி தட்டிக் கொடுத்து அனுப்பினான். நேற்று மாலையே மலையிறங்கி, கண்டியை ஒட்டிய மஹய்யாவவில் பாலம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் தங்கி, காலையில் புது மாப்பிள்ளை கணக்காகக் கிளம்பினார்கள். இதோ, துரை குளத்துக்கரையில் நிற்கிறார்!

கோட்டைக் கண்டாரென்றால் கங்காணி வேலை காற்றில் போகும். திரும்பவும் மண்வெட்டி, திரும்பவும் விடியக்காலை மழையில் பேர் கூப்பிடும் பெரட்டு வரிசையில் நிற்பது. மூக்கையாவுக்குக் கம்பளிக்குள் வியர்வை ஆறாக ஓடியது.

"வா புள்ள, வந்த வழியே திரும்பிடுவோம்."

"நல்லாருக்கே! ரயிலப் பாக்காம நான் ஒரு எட்டு வைக்க மாட்டேன். அக்கா வீட்டுல எல்லாருகிட்டயும் சொல்லிப்புட்டேன்."

"வேல போயிரும்டி!"

"போகாம பாத்துக்கலாம். மொதல்ல அந்தப் புத்தர் பல்லு வச்சிருக்க மாளிகைப் பக்கம் நடங்க. தொரை கொளத்தப் பாக்கட்டும்."

மாளிகை வாசலில் யானை நின்றது. அம்மாடி, எவ்வளவு பெரிசு என்று வாயைப் பிளந்தவள், யானையின் வயிற்றுக்குக் கீழே பார்வை போனதும் பிளந்த வாயை மூட மறந்தாள். யானைக்கு அந்தப் பக்கம், நான்கு தூண் கால்களுக்கு நடுவே, இரண்டு வெள்ளைக் காற்சட்டைக் கால்களும் ஒரு லேஸ் பாவாடையும்!

"வந்துட்டாரு!"

"இங்கயுமா? அந்தாளுக்கு வேற எடமே இல்லையா?"

யானை நகர்ந்த பக்கமெல்லாம் இவர்களும் நகர்ந்தார்கள். பாகன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். மூக்கையா கும்பிட்டான். பாகன் கேட்டது வேறு என்னவோ. ஆனாலும் இவனை யானையைக் கும்பிட வந்த பக்திமான் என்று எண்ணி ஒதுங்கி வழிவிட்டான். கண்டியில் அதுவரை பாலம்மா கண்டதெல்லாம் ஒன்று சக்கரத்துக்கு நடுவே, இல்லை காலுக்கு நடுவே.

கடைத்தெருவுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கினார்கள்.

"அந்தக் கோட்டக் கழட்டித் தொலைங்க!" என்றாள்.

"கழட்டுறதா? உள்ள சட்ட இல்ல புள்ள."

"இவ்வளவுதானா உங்க கங்காணித்தனம்?"

"வெளிய பாக்கிறவனுக்குத் தெரியாதுல்ல?"

பாலம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு சந்துக்குள் அவனைத் தள்ளினாள். கோட்டு கழன்றது. தலைப்பாகையும் அவிழ்ந்து அவன் தோளுக்குப் போர்வையானது. சரி, கோட்டை எங்கே ஒளிப்பது? கையில் மூட்டையில்லை. சுருட்டிப் பிடித்தாலும் அந்தப் பச்சைக் கட்டம் கத்திக் காட்டிக் கொடுக்கும். ஒரு விநாடி யோசித்தாள். சேலையைத் தளர்த்தினாள். கோட்டைப் பந்தாகச் சுருட்டி வயிற்றில் வைத்தாள். இழுத்துச் செருகினாள்.

மூக்கையா அவளை மேலும் கீழும் பார்த்தான். "அடிப் பாவி! எத்தன மாசம்டி?"

"மூஞ்சியப் பாரு! கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. புள்ளத்தாச்சிக்கு நடக்க முடியல."

வயிறு வந்ததும் கண்டிப் பட்டணமே மாறிவிட்டது. வண்டிக்காரன் மாட்டை நிறுத்தினான். கூடைக்காரி ஒதுங்கினாள். துணிக்கடை ஹாஷிம், கடைக்குள்ளிருந்து கதிரையைத் தூக்கிக்கொண்டே வெளியில் வந்துவிட்டார்.

"இரிங்க தங்கச்சி, இரிங்க! ஏன் தம்பி, இந்த வெயில்ல இவங்கள நடத்திக்கொண்டு திரியிறீங்களே, ஒங்களுக்கு இரக்கம் ஈக்கா?"

"அவதான் ரயிலப் பாக்கணும்னு..." என்று மூக்கையா இழுத்தான்.

"அவங்க ஆசப்படுவாங்கதான். நீங்கதானே தம்பி பாத்து நடக்கணும்? றலியா! சர்பத் ஒன்டு கொண்டு வாங்க!"

ஹாஷிமின் மனைவி றலியா சர்பத்தோடு வந்தார். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. பாலம்மாவின் வயிற்றில் பரிவோடு கையை வைத்தார். பாலம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இதென்ன, இவ்வளவு கட்டியா ஒன்டு?" றலியாவின் விரல் நின்ற இடத்தில் கோட்டின் கொம்புப் பொத்தான்.

"அது... முழங்காலுங்க அக்கா" என்றாள் பாலம்மா.

"அப்ப ஆம்புளப் புள்ளதான்! பொறக்கும்போதே தொர மாதிரிப் பொறக்கும், பாருங்களேன்!"

மூக்கையாவுக்குச் சர்பத் மூக்கில் ஏறியது.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் லேஸ் குடை சுழன்றது. பாலம்மா எழுந்தாள். நிறைமாதக்காரி எழுகிற எழும்பலா அது? ஒரே துள்ளல்!

"மெதுவா! மெதுவா தங்கச்சி!" என்று ஹாஷிம் பின்னால் கத்த, வயிற்றை இரு கையாலும் அணைத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் மூக்கையாவால் ஈடுகொடுக்க முடியவில்லை.

"இவங்க ரயிலப் பாக்கிறதென்ன," என்றார் றலியா, "ரயிலயே முந்திருவாங்க போல!"

ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் நாக்குத் தள்ளியது. கொழும்புக்குப் போகிற கோப்பி மூட்டைகள் மேடையின் ஒரு கோடியில் மலைமலையாக அடுக்கிக் கிடந்தன. தண்டவாளம் வெயிலில் மின்னியது. பாலம்மா அதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இம்புட்டு ஒல்லியா இருக்கே? இது மேலயா அம்புட்டுப் பெரிய வண்டி வருது?"

"வரும் புள்ள. பேசாம நில்லு."

"கீழ விழுந்துறாதா?"

"நீ விழாம இருந்தாப் போதும்."

மூக்கையா இப்படி விறைப்பாகப் பேசிக்கொண்டே திரும்பினான். அப்படியே உறைந்தான். மேடையில் அதே லேஸ் குடை, குதிரை வண்டியில் முந்தி வந்திருக்க வேண்டும்! குடைக்குக் கீழே அதே குமரி. எதிரே நின்ற, பீப்பாய் போன்ற சிவப்பு முகத் துரை ஒருவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"தொரச்சாணி நிக்கிறா! அப்ப நம்மாளு பக்கத்துலதான் எங்கயோ. ஓடு! மூட்டைக்குப் பின்னால!"

ஓடினார்கள். கோப்பி மூட்டை அடுக்கைச் சுற்றி, இருட்டான சந்துக்குள் தலையை விட்டு, முழங்காலில் விழுந்து, ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து உட்கார்ந்தார்கள். அப்பாடா!

அப்பாடா என்ற சத்தம் மூன்று பேரிடமிருந்து வந்ததுபோல இருந்தது.

பாலம்மா மெல்லத் தலையைத் திருப்பினாள். மூட்டையோடு மூட்டையாக, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைக் கட்டியபடி ஒருவர் குந்தியிருந்தார். செம்பட்டைத் தாடி. துரை!

மூக்கையா வாயைத் திறந்தான். துரை உதட்டில் விரலை வைத்தார். "உஷ்! பேசாதே. குனி!" என்றார் அவருடைய தோட்டத்துத் தமிழில்.

குனிந்தார்கள். ஏன் என்று தெரியாமலே குனிந்தார்கள்.

அந்தக் கணம் பார்த்தா ரயில் வரவேண்டும்? நிலம் நடுங்கியது. புகை பொங்கியது. 'கூ...' என்று அது போட்ட கூச்சலில் பாலம்மா, "ஐயோ முருகா!" என்று துள்ளிப் புருஷன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஆசையாசையாய்ப் பார்க்க வந்த ரயிலை அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வரவேற்றாள்.

கண்ணைத் திறந்தபோது வயிறு இளைத்திருந்தது.

சேலை மடிப்பிலிருந்து ஒரு கோட்டுக் கை வெளியே நீண்டது. பழுப்பில் பச்சைக் கட்டம். முழங்கையில் தோல் ஒட்டு. மெல்ல மெல்ல மீதியும் பிரசவமாகி, துரையின் பூட்சுக்கு முன்னால் விரிந்து விழுந்தது.

துரை அதைப் பார்த்தார். தலைப்பாகைத் துணி போர்த்திய மூக்கையாவின் தோளைப் பார்த்தார். கோட்டைத் தூக்கி, இடது பை ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

"இது நம்ம கோட்டு" என்றார்.

மூக்கையா தடாலென்று காலில் விழுந்தான். "தொரை, மன்னிக்கணுங்க! வேலைய மட்டும் எடுத்துறாதீங்க! ஒரு நாளைக்குத்தாங்க... சங்கிலிதான் குடுத்தான்!"

"சங்கிலி?" துரையின் நெற்றி சுருங்கியது. "சங்கிலி சொன்னான், துரை, கோட்டுக் காயல்லே. மழை, மழை சொன்னான்."

பயத்திலும் பாலம்மாவால் வாயைக் கட்ட முடியவில்லை. "மழையா? மண்ணு வெடிச்சுக் கெடக்குதுங்களே! ஆத்துல தண்ணியே இல்லையேங்க!"

"சும்மா கெடடி!" என்றான் தரையிலிருந்து மூக்கையா.

துரை கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடையில் பீப்பாய்த் துரையின் பெருஞ்சிரிப்புக் கேட்டதும் வாயை மூடினார். தாடி முழங்காலில் இடிக்கும்படி மறுபடி குனிந்தார். பாலம்மா மூட்டையிடுக்கில் எட்டிப் பார்த்தாள். பீப்பாய்த் துரை யார் என்று இப்போதுதான் புரிந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரை. குதிரையே அவரைக் கண்டால் பெருமூச்சு விடும்.

"அவரக் கண்டு நீங்க ஏங்க ஒளியணும்?" என்று கேட்டேவிட்டாள்.

துரை தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார். காது மட்டும் சிவந்தது. அப்போதுதான் அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். துரை போட்டிருந்த கறுப்புக் கோட்டின் தோள் முழங்கை வரைக்கும் தொங்கியது. பொத்தான் பூட்டியும் வயிற்றுப் பக்கம் பை போலக் காற்று வாங்கியது. உள்ளே இன்னும் ஒரு துரைக்குத் தாராளமாக இடமிருந்தது.

மூக்கையாவும் தலையைத் தூக்கிப் பார்த்தான். துரை அந்தக் கறுப்புக் கோட்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, மேடையில் நின்ற பீப்பாயைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

"இது அவன் கோட்டு. சங்கிலி குடுத்தான்."