சிலைக்கு மட்டும் பூட்ஸ்

மழை இறங்கினால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை படுத்துவிடும். அப்படி ஒரு ஐப்பசியில்தான் ஆள் பிடிக்கும் ஏஜெண்டு மணிவண்ணன் ஐந்து பேரை வடக்கே நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேனில் ஏற்றிப் போனார். பூமிக்கடியில் வாயு வெடித்து ஐந்து பேரும் போனார்கள். அதில் ஒருவன் பூங்குழலியின் கணவன் ஜெயசீலன்.

வருஷம் திரும்புவதற்குள் மணிவண்ணன் பெரிய மனசு பண்ணி, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார். செத்தவர்கள் பெயர் அடியில் பொடி எழுத்தில். அவர் பெயரைக் கண்ணாடி போடாமலே படிக்கலாம். மேலே சுரங்கத் தொழிலாளியின் சிமெண்டுச் சிலை. தலையில் மஞ்சள் ஹெல்மெட், நெற்றியில் விளக்கு, முழங்கால்வரை பூட்ஸ், இடுப்பில் வாயு கசிந்தால் கத்துகிற மிஷின். மனுஷர் ஒரு குறை வைக்கவில்லை.

பூங்குழலிக்கு வயிறு எரிந்தது. ஜெயசீலன் ரப்பர் செருப்போடு சுரங்கத்தில் இறங்கியவன். அப்படி ஒரு மிஷினை அவன் கண்ணாலும் பார்த்ததில்லை.

இது போதாதென்று அவள் தம்பி கௌதம் வேறு. மூடிய சுரங்கத்தை மறுபடி திறந்தாயிற்று. சிலைத் திறப்பு விழா முடிந்த கையோடு மணிவண்ணனின் வேன் அந்தச் சுரங்கத்துக்குத்தான் கிளம்புகிறது. அதில் அவனும் போகிறான். அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அவன் மசியவில்லை.

சிலைக்கு மாலை விழுந்ததும் கௌதம் அண்ணாந்து பார்த்தான்.

"பாருக்கா, இப்பல்லாம் எல்லாமே குடுக்கறாங்க. நீதான் சும்மா பயப்படுற."

இனி இவனிடம் பேசிப் பயனில்லை என்று பூங்குழலி நேராக மணிவண்ணனிடம் போனாள். அவர் கையில் மைக் இருந்தது.

"அண்ணே, தம்பிய அனுப்பறேன். செலைக்கு மாட்டியிருக்கீங்களே, அதெல்லாம் அவனுக்கும் இப்பவே மாட்டி ஏத்துங்க."

மணிவண்ணன் சிரித்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"இன்னாம்மா நீ! அதெல்லாம் அங்க போனதும் குடுப்பாங்க."

ஒலிபெருக்கி அதை ஊருக்கே சொன்னது. கௌதமுக்கு முகம் செத்துவிட்டது. போன வருஷம் மாமாவை வழியனுப்ப வந்தபோது, இதே வார்த்தையை இதே வாயிலிருந்து அவனும் கேட்டிருந்தான். வேனில் ஏறித் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

பூங்குழலி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குள், சிலையோடு செல்ஃபி எடுத்து முடித்த எக்கியார்குப்பத்துப் பையன் ஒருவன் ஓடிவந்து அந்தக் காலி சீட்டில் உட்கார்ந்தான். அவனுடைய அக்காவோ அம்மாவோ யாராவது வந்திருக்கிறார்களா என்று அவள் கூட்டத்தில் தேடினாள்.