அட்டை இல்லாத குண்டூசி

சிஸ்டருக்கு யாரையும் குறை சொல்ல வாய் வராது. இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்றவர். ஊசியைப் பார்த்துக் கத்துகிறவர்களையும் ஊசி போட வரவில்லை என்று கத்துகிறவர்களையும் ஒரே முகத்தோடு சமாளித்தவர். வார்டில் அந்தக் குணம் வரம். முனைவர் பட்டம் வாங்க வந்த இடத்தில் அதுவே தலைவலியாகிவிட்டது, அதிலும் அவருக்கு வழிகாட்டியாக அமைந்த பேராசிரியைக்கு.

மாணவிக்கு ஐம்பத்தொரு வயது, பேராசிரியைக்கு முப்பத்தெட்டு. துறையில் எல்லோரையும் போல அவரும் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். சிஸ்டர் எடுத்துக்கொண்ட பொருள், ஒரு ஷிப்ட் நர்ஸ் அடுத்த ஷிப்ட் நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கும் முறை. அதைப் பற்றி முன்பு வந்த ஆய்வுகளை எடைபோட்டு முதல் அத்தியாயம் எழுத வேண்டும். சிஸ்டரும் எழுதினார். அறுபது கட்டுரைகள், அறுபது பத்திகள், பத்திக்கு ஒரு 'மிகச் சிறப்பாக ஆராய்ந்துள்ளார்'.

"சிஸ்டர், இது ரிட்டயர்மென்ட் பார்ட்டியில பேசுற மாதிரி இருக்கு. எல்லாரையும் புகழ்ந்தாச்சு. யார் சொன்னது நிக்குது, யார் சொன்னது நிக்கலைன்னு மட்டும் காணோம்."

"எவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருப்பாங்க மேடம்! போய் எப்படி நொட்டை சொல்றது?"

சிஸ்டர் எழுதியதற்கு ஆய்வுக் குழு நொட்டை சொல்லிவிட்டது. அதன் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சல்லடை. 'ஆய்வாளரின் சொந்தக் கருத்து எங்கே?' என்று ஒரே வரி எழுதி அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினார். இரண்டாவது தடவையும் திரும்பினால் பதிவு ரத்து. ஆஸ்பத்திரி கொடுத்த படிப்பு விடுப்பும் இந்த மாதத்தோடு முடிகிறது. கையில் இருந்தது இரண்டு வாரம்.

புதன்கிழமை வகுப்பில் பேராசிரியைக்கென்று ஒரு முறை உண்டு. மாணவர்கள் ஆளுக்கொரு கம்பளிப் பலகையில் கட்டுரைக்கு ஓர் அட்டை எழுதிக் குண்டூசியால் குத்த வேண்டும். யார் யாரிடமிருந்து எடுத்தாண்டார் என்பதற்குச் சிவப்பு நூல் கட்ட வேண்டும். "எங்க நூல் நிறையப் போய்ச் சேருதோ அங்க போய் நில்லுங்க. மூலக் கட்டுரையைத் தேடி எடுத்துக் கடைசி வரி வரைக்கும் படிங்க. அடுத்தவங்க சொன்னதை நம்பி எழுதினா அது ஆராய்ச்சி இல்ல, வதந்தி" என்று வருஷா வருஷம் சொல்வார். சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும். அவருக்கு மிகவும் பிடித்த வரி அது.

அந்தப் புதன்கிழமை மற்ற மாணவர்கள் சாப்பிடப் போனபிறகும் சிஸ்டர் தன் பலகையை மறைத்துக்கொண்டு நின்றார். பேராசிரியை எட்டிப் பார்த்தார். பதினேழு அட்டைகளிலிருந்து நூல் கிளம்பி ஒரே குண்டூசிக்கு வந்திருந்தது. அங்கிருந்து ஒற்றை நூல் ஒரு பழைய கட்டுரைக்குப் போயிற்று. அந்தக் குண்டூசியில் மட்டும் அட்டை இல்லை.

"இங்க இருந்தது எங்க?"

"விழுந்திருக்கும் மேடம்."

வாய்தான் சொன்னது. கை தோள்பையை இறுகப் பிடித்துக்கொண்டது. பொய் சொல்லப் பழகாதவர்களின் கை எப்போதும் காட்டிக் கொடுத்துவிடும். பேராசிரியை கையை நீட்டினார். சிஸ்டர் பையைத் திறந்து அட்டையை எடுத்து, மாத்திரை கொடுப்பதுபோல அந்த உள்ளங்கையில் வைத்தார்.

அட்டையில் இருந்தது பேராசிரியையின் பெயர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவர் எழுதிய முதல் கட்டுரை. இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்ததே அதுதான்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"படுக்கைப் பக்கத்துலயே நின்னு ஒப்படைச்சா தவறு நாப்பது சதவீதம் குறையுதுன்னு எழுதியிருக்கீங்க. பதினேழு பேரும் அதைத்தான் எடுத்திருக்காங்க. பழைய கட்டுரையைத் தேடிப் பிடிச்சுப் படிச்சேன் மேடம். அதுல தவறை யாரும் எண்ணவே இல்ல. நர்ஸுங்ககிட்ட கேட்டிருக்காங்க. நாப்பது சதவீதம் பேர் 'குறையுற மாதிரி தோணுது'ன்னு சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்."

பேராசிரியைக்குக் காது இரண்டும் சுட்டன. நினைவு வந்துவிட்டது. அன்று நூலகத்தில் அந்தக் கட்டுரை கிடைக்கவில்லை. யாரோ எழுதிய சுருக்கத்திலிருந்து எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அந்தப் பிறகு வரவேயில்லை. ஒரு நிமிஷம், உண்மையைச் சொன்னால் முழுசாக ஒரு நிமிஷம், அட்டை அந்தப் பைக்குள்ளேயே இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

"இதை எடுத்துட்டா உங்க அத்தியாயத்துல என்ன மிச்சம்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"மறுபடி திருப்பி அனுப்பிட்டா?"

"வார்டுக்குப் போயிடுவேன். வார்டு எனக்குப் பிடிக்கும்."

"அப்புறம் எதுக்குக் குண்டூசியையும் நூலையும் விட்டு வெச்சீங்க?"

"அட்டையை எடுத்துட்டேன். நூலையும் அவிழ்த்தா நோயாளி சார்ட்டை அழிச்சு எழுதுற மாதிரி. அதுக்குக் கை வரல."

பேராசிரியை அட்டையை மறுபடி அதே குண்டூசியில் குத்தினார். நாலு வருஷப் படிப்பைத் தனக்காகத் தோள்பைக்குள் போட்டு மூடிய மனுஷி! "அக்கா" என்றார், முதல் தடவையாக. "உட்காருங்க. எழுதுங்க. இப்பவே."

சிஸ்டர் எழுதினார். 'மதிப்பிற்குரிய பேராசிரியை அவர்கள் சற்றே கவனித்திருக்கலாமோ' என்று ஆரம்பித்தார். பேராசிரியை சிவப்புப் பேனாவால் 'மதிப்பிற்குரிய'வை அடித்தார், 'அவர்கள்'ஐ அடித்தார், 'சற்றே'யை அடித்தார். "கேள்வி எதுக்கு? கவனிக்கலைன்னு எழுதுங்க." ஒவ்வொரு அடிக்கும் சிஸ்டர்தான் முகம் சுளித்தார். நாலாவது பத்தியில் பேனாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அங்கே சிஸ்டர், இருபத்தெட்டு வருஷம் தான் பார்த்த ஒப்படைப்புகளில் எந்தத் தவறை எப்படி எண்ணியிருக்க வேண்டும் என்று தானாக எழுதிக்கொண்டிருந்தார்.

குழு கூடிய அன்று சல்லடை அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். நிமிர்ந்து பேராசிரியையைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார். "தெரியும் சார். என் கட்டுரைதான்."

"சரி... இந்தப் பதினேழு பேர் பட்டியல்ல, பதினோராவது..."

"நீங்கதான் சார்" என்றார் சிஸ்டர், காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும் குரலில்.

சல்லடை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூலத்தைப் படிச்சேனான்னு யோசிக்கிறேன்."

"படிச்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டீங்க சார்."

அறையே சிரித்தது, கடைசியில் அவரும். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை சிஸ்டர் நன்றி சொல்ல வந்தபோது பேராசிரியை தன் கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். நாலு வரிக்கு நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. "படிச்சுப் பாருங்கக்கா" என்று தாளை நகர்த்தினார்.

'என் கட்டுரையில் ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது' என்று தொடங்கியிருந்தது.

சிஸ்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். ஒரு கையால் பேராசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார். மறு கையால் சிவப்புப் பேனாவை எடுத்து, 'சிறு'வை அடித்தார்.