பாலத்துக்கு அந்தப் பக்கம்

காலை பத்தே முக்கால். நான்காவது ஆளும் பாலத்திலிருந்து விழுந்தார்.

அவர் ஒரு பேருந்து ஓட்டுநர். இந்த வீடியோ கேமை இதற்கு முன் கண்ணால்கூடப் பார்க்காதவர், அதற்காகவே அழைத்திருந்தார்கள். புதிய ஆள் ஆடும்போது கேமைச் செய்தவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறக்கக் கூடாது. முதலாளியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஸ்டூடியோ தொடங்கிப் பத்தொன்பது வருடம். முதல் கேம் ஓடியது. அடுத்த மூன்றும் அதன் பெயரைச் சொல்லிப் பிழைத்தன. ஐந்தாவது இது, நாலு வருடமாக முப்பது பேரைத் தின்றுகொண்டிருந்தது. பணம் போடும் கம்பெனியிலிருந்து வந்த பெண் அதிகாரி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் இன்று தலையசைத்தால் வேலை தொடரும். இல்லாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

"உன் பாலத்துக்கு நாலாவது காவுடா," என்றாள் அக்கா, முதலாளியின் காதோடு. எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள்; கேமில் வரும் உருவங்களை வரைபவள். முதல் நாளிலிருந்து கூட இருப்பவள்.

பன்னிரண்டாம் தடவை விழுந்ததும் ஓட்டுநர் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார்.

"மன்னிச்சிடுங்க சார். நிஜப் பாலம்னா பஸ்ஸோடயே தாண்டிடுவேன். இது நம்மால ஆகாது."

பாலத்தின் நடுவே தாண்ட வேண்டிய இடைவெளியைக் குறைக்கச் சொல்லி ஸ்டூடியோவில் வேலை செய்யும் பிள்ளைகள் மூன்று முறை கேட்டுவிட்டார்கள். "சுலபமாக் குடுத்தா எவன் மதிப்பான்?" என்று முதலாளிதான் மறுத்தார். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் தாத்தா. வயது நாற்பத்தாறு.

அவர்கள் வேலை செய்யும் கணினிகளில் ஒரு குறுக்கு விசை உண்டு. அழுத்தினால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கலாம். ஒவ்வொரு தடவையும் குதித்துக்கொண்டிருந்தால் மீதி வேலை நகராது. எல்லோரும் அழுத்தினார்கள். அவரும்தான், யோசிப்பதற்குள் விரல் போய்விடும்.

ஓட்டுநரை வழியனுப்பிவிட்டு அதிகாரி சொன்னார்: "நீங்களே ஒரு தடவை ஆடிக் காட்டுங்க சார். தாண்ட முடியும்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

இந்தக் கணினியில் அந்த விசை இல்லை. முதலாளி கையில் எடுத்த கன்ட்ரோலர் ஓட்டுநரின் வியர்வையில் இன்னும் ஈரமாக இருந்தது. ஓடினார், குதித்தார், விழுந்தார். மறுபடி விளிம்பு வரை வந்து, குதிக்க வேண்டிய இடத்தில் பிசகாமல் குதித்தார். ஒரு சாண் குறைந்தது. மூன்றாம் தடவையும் அதே சாண்.

கையில் கோளாறு இல்லை. போன வருடம், நாயகன் கொஞ்சம் கம்பீரமாக ஓடட்டும் என்று அவர்தான் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். பாலத்தை யாரும் திரும்ப அளக்கவில்லை. அந்த ஓட்டத்துக்கு அந்தப் பாலம் எட்டவே எட்டாது.

நான்காம் தடவை விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை. கட்டைவிரல் தன் பாட்டுக்கு அழுத்திக்கொண்டிருந்தது. அதிகாரி குறிப்பேட்டை மூடினார்.

அக்கா இப்போது காதோடு பேசவில்லை.

"டேய், நிஜத்தைச் சொல்லு. நீ இதைக் கடைசியாத் தாண்டினது எப்போ?"