பந்து போகாத பக்கம்

"பதினொண்ணு பெரிசா, சைபர் பெரிசா? அதை மட்டும் சொல்லு போதும்" என்று விக் ஸபோ மேசையில் அடித்த அடியில் பெர்னியின் காப்பி தளும்பி, கூட்டக் குறிப்பு எழுதியிருந்த காகிதம் நனைந்தது.

"சைபர்தான் பெரிசு" என்றாள் பெவ் டொமானிக். "உனக்குக் கணக்கு வராதுன்னு டீச்சர் அப்பவே சொன்னாங்க."

கோல்டர்ஸ் ரன் ஊரின் தீயணைப்பு நிலையக் கூடத்தில் இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்தில் பூசை முடிந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து உட்கார்ந்து கத்துகிறார்கள். பள்ளி மைதானத்துக்குப் புதிதாக ஸ்கோர் போர்டு வருகிறது. அதன் கீழே இரண்டு பித்தளைப் பலகைகள். அறுபது வருஷத்தில் பள்ளிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடியவர்களில் தாக்குதலில் தலைசிறந்தவன் ஒருவன், தடுப்பில் தலைசிறந்தவன் ஒருவன். தாக்குதல்காரனை மூன்று நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அவன் செத்துப்போயிருந்தான், யாருக்கும் பொறாமை இல்லை. தடுப்பில்தான் சிக்கல். இரண்டு பேரும் உயிரோடு இருந்தார்கள், இரண்டு பேரும் தொண்ணூற்றொன்றாம் வருஷத்து அணி, இரண்டு பேரும் கார்னர்பேக்.

கார்னர்பேக்குக்கு வேலை ஒன்றுதான். பந்து வாங்குவதற்காக மைதானத்தின் ஓரமாக ஓடுகிற எதிராளியோடு ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். பந்து வந்தால் தட்டிவிட வேண்டும், முடிந்தால் பிடுங்கிக்கொள்ள வேண்டும். இடது ஓரத்தில் விக். அந்த ஒரு பருவத்தில் பதினோரு பந்துகளைப் பிடுங்கினான். மாவட்டத்தில் அதை இன்னும் யாரும் தாண்டவில்லை என்பதை அவன் குழாய் ரிப்பேருக்குப் போகிற வீடுகளிலெல்லாம், தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். வலது ஓரத்தில் லைல் ஹாச்சர். அவன் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. அவன் பக்கம் யாரும் எறிந்தால்தானே பிடிப்பதற்கு.

"நாய் நிக்கிற வீட்டுக்குத் திருடன் வரமாட்டான். எத்தனை பேரைக் கடிச்சேன்னு அந்த நாய்கிட்டப் போய்க் கேப்பியா?" என்று பெவ் விடாமல் கேட்டாள். "உன் பக்கம் தொண்ணூறு தடவை எறிஞ்சானுங்க விக். ஏன் எறிஞ்சானுங்க? உன் மூஞ்சி அழகா இருந்துச்சேன்னா?"

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ரோண்டா ஸபோ தலையை நிமிர்த்தவில்லை. கட்டிய புருஷனை ஊர் நடுவே ஒருத்தி இப்படிக் கேட்கும்போது பெண்டாட்டி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்க வேண்டாமா என்று, தட்டைக் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். பெவ் எதற்காக லைலுக்கு இப்படி வரிந்துகட்டுகிறாள் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெவ் தன் கார் கொட்டகையில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். இரண்டு கல்யாணம் செய்து, இரண்டிலிருந்தும் நல்லபடியாக வெளியே வந்தவள். வாயடிப்பது அவள் பிழைப்பின் ஒரு பகுதி என்று ஊர் விட்டுவிட்டது. லைல் பஞ்சாயத்தின் பனி வாரும் லாரியை ஓட்டுகிறவன். குளிர்காலத்தில் பெவ் வீட்டு வாசல்தான் ஊரிலேயே முதலில் சுத்தமாகும். அவள் வீடு சாலையின் ஆரம்பத்தில் இருக்கிறது, அதனால்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது சாலையின் கடைசியில் இருக்கிறது என்பது பிறகுதான் பலருக்கு உறைத்தது.

குழுத் தலைவர் பெர்னி கோஸ்ட்கா சவ அடக்க நிலையம் நடத்துகிறவர். சண்டையில்கூடத் துக்க வீட்டுக் குரலில்தான் பேசுவார். "ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். ஆனா லைல் ஆடினதைக் கண்ணால பாக்கணும் இல்லையா?" என்றார். விக் பழைய ஆட்டங்களின் வீடியோவையெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். போன வாரக் கூட்டம் முழுவதும் அதைத்தான் பார்த்தார்கள். அதில் விக் பறந்தான், விழுந்தான், பந்தோடு எழுந்தான். லைல் பத்து ஆட்டங்களிலும் சேர்த்து நாலு நிமிஷம் வந்திருப்பான். அதுவும் பெரும்பாலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடந்து திரும்பும்போது. படம் பிடிக்கிறவர்கள் பந்தின் பின்னால்தானே போவார்கள்.

"மொத்தம் பதினோரு ஆட்டம் ஆச்சே" என்றார் பெர்னி.

"ஆஷ்பி ஆட்டம் இல்லை. மழை புகுந்து கேமரா கெட்டுப்போச்சு" என்றான் விக். "அன்னைக்கு ரெண்டு பிடிச்சேன். அதுவே படத்துல இல்லை. நான் அழுதேனா?"

ரோண்டாவின் கையிலிருந்த கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது.

கேமரா கெடவில்லை. அந்த வருஷம் மைதானத்து அறிவிப்பு அறையின் கூரைமேல் நின்று ஆட்டங்களைப் படம் பிடித்தது ரோண்டாதான். பதினேழு வயது, பச்சை மழைக்கோட்டு. ஒன்பது ஆட்டங்களில் பந்தின் பின்னால் ஒழுங்காகப் போனவள், ஆஷ்பி ஆட்டத்தன்று போகவில்லை. முதல் ஆட்டத்திலிருந்தே லைலின் இருபத்துநாலாம் எண் சட்டையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அன்று ஓரக்கண் போதவில்லை. அவ்வளவுதான் விஷயம். லைலோடு அவள் அதுவரை பேசியது மொத்தம் நாற்பது வார்த்தை இருக்கும். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. மறுநாள் காலை, பையன்கள் வருவதற்கு முன்னால் தனியாகக் கேசட்டைப் போட்டுப் பார்த்த கோச் மராஸ்கோ அவளைக் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனாள். அவர் டிவியை அணைத்துவிட்டு மூக்கைத் தேய்த்தார். "இந்த இடத்துல எப்படி ஆடணும்னு காட்டறதுக்கு இருபது வருஷமா ஒரு படம் தேடறேன். இப்பக் கிடைச்சிருக்கு. போட்டுக் காட்ட முடியாது" என்றார். கேசட்டை அவள் கையில் கொடுத்து, மழையில் கேமரா போய்விட்டதாக அணியிடம் சொல்லிவிட்டார். அடுத்த ஆட்டத்துக்கு வேறொருத்தி கூரைமேல் ஏறினாள். இரண்டு வருஷம் கழித்து ரோண்டா விக்கைக் கட்டிக்கொண்டாள். கோச் கல்யாணத்துக்கு வந்து, கையை ஒரு விநாடி கூடுதலாகப் பிடித்துக் குலுக்கினார். அவரும் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. கேசட் கிறிஸ்துமஸ் மர அலங்காரப் பெட்டியில், உடைந்த நட்சத்திரத்துக்கு அடியில் இருந்தது.

இத்தனை வருஷம் இருந்ததைப்போல அது இருந்துவிட்டுப் போயிருக்கும். புதன்கிழமை பெட்ரோல் நிலையத்தில் அவள் லைலைப் பார்க்காமலிருந்திருந்தால். உப்பு மூட்டை ஏற்றிய லாரிக்கு டீசல் அடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பலகையில் பேர் வேண்டுமா என்று அவளே கேட்டுவிட்டாள்.

"பந்தே வரலையே ரோண்டா" என்று சிரித்தான். "நவம்பர்ல அங்க என்ன குளிர் குளிரும் தெரியுமா. நின்னா விறைச்சிடுமேன்னு ஓடினேன்." குழாயை எடுத்து மாட்டிவிட்டு, கையுறையைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "எங்கம்மா எல்லா ஆட்டத்துக்கும் வருவா. கடைசி ஆட்டம் முடிஞ்சு கார்ல போகும்போது கேட்டா. ஏண்டா, நெசமாவே உன்னை ஆட விடறாங்களா, இல்லை சும்மா நிக்க வெச்சிருக்காங்களான்னு."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்ல. காட்டறதுக்கு என்ன இருந்துச்சு?"

ரோண்டா மூன்று நாள் அந்தப் பெட்டியைச் சுற்றி வந்தாள். காட்டினால் லைலுக்குப் பலகை கிடைக்கும். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. காட்டினால் விக்குக்கு என்ன கிடைக்கும் என்பதிலும் சந்தேகமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பக்கத்தில் படுத்துக்கொண்டிருப்பவன். அவளுக்குக் குடல்வால் அறுத்தபோது ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே ஐந்து நாள் தூங்கியவன். பதினொன்று என்ற எண்ணைத் தவிர வேறெதற்கும் பெருமையடித்துக்கொள்ளாதவன். முன்னாடியே அவனிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்து, இரண்டு தடவையும் உருளைக்கிழங்கு வாங்க வேண்டும் என்றாள். என்ன செய்தோம் என்று சொல்லிவிடலாம். அது ஒன்றும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது? ஒன்றுமே இல்லாததற்கா முப்பத்துச் சொச்சம் வருஷம் ஒளித்து வைத்தாய் என்று கேட்டால்?

நாலாவது ஞாயிறு, காப்பிப் பாத்திரத்தோடு கேசட்டையும் கொண்டுபோனாள். தீயணைப்புப் பயிற்சிக் கேசட்டுகளுக்காகக் கூடத்தில் இன்னும் ஒரு பழைய பிளேயர் இருந்தது. "ஆஷ்பி ஆட்டம்" என்று சொல்லி பெர்னியிடம் கொடுத்துவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள். விக் முகம் மலர்ந்து திரும்பிப் பார்த்தான். "எங்கேடி இருந்துச்சு? என் ரெண்டு பிடியும் இதுல இருக்கும்."

மழைக் கோடுகள் விழுந்த திரையில் இருபத்துநாலு வந்தது. வந்தது போகவில்லை.

முதல் ஐந்து நிமிஷம் ஏதோ பழுது என்று நினைத்து பெர்னி பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். பிறகு யாரும் எதையும் அழுத்தவில்லை. பந்து எங்கே என்று தெரியாத, யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியாத படம். சேற்றில் ஒருவன் பின்னோக்கி ஓடுகிறான். எதிராளி இடது தோளை அசைத்தால் இவன் ஏமாறுவதில்லை. இடுப்பை அசைத்தால் அதற்குள் திரும்பியிருக்கிறான். அந்த உயரமான ஆஷ்பிக்காரன் கையை உயர்த்திப் பந்து கேட்கிறான், கேட்கிறான், ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதியில் கேட்பதை நிறுத்திவிடுகிறான்.

விக் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே போனான். இது என்னவென்று புரிந்துகொள்ளக்கூடியவன் அந்தக் கூடத்தில் அவன் ஒருவன்தான். "காலைப் பாருங்க, காலைப் பாருங்க" என்றான். "குறுக்கவே போடமாட்டான். கோச் எனக்கு ரெண்டு வருஷம் சொல்லிப் பார்த்தார், எனக்கு வரலை. பெர்னி, கொஞ்சம் பின்னால ஓட்டுங்க. ஆ, இங்கே. அவன் திரும்பறதுக்கு முன்னாடி இவன் திரும்பிட்டான் பாருங்க, படுபாவி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

அப்போது திரைக்கு வெளியே கூட்டம் ஆர்ப்பரித்தது. மேளம் அதிர்ந்தது, ஆட்கள் கத்தினார்கள். "இது என்னோடது" என்று விக் விரலை நீட்டினான். "முதல் பிடி. இப்பக் காட்டும் பாருங்க." திரையில் லைல் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். மழை அவன் ஹெல்மெட்டிலிருந்து வழிந்தது. "அங்கே திருப்புடி, விக் பிடிச்சிட்டான், அங்கே திருப்பு" என்று கேமராவுக்கு அருகில் யாரோ ஒருத்தி கத்தினாள்.

"ம்" என்றது இன்னொரு குரல், மிகக் கிட்டத்தில். படம் திரும்பவில்லை. பச்சை மழைக்கோட்டின் கை ஒன்று குறுக்கே வந்து கேமராவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது. லைல் இன்னும் தெளிவாகத் தெரிந்தான்.

நீட்டிய விரலை விக் மெதுவாக மடக்கிக்கொண்டான். கூடத்தில் ஒருவரும் ரோண்டாவைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அத்தனை பேரும் பட்ட பாடு சொல்லி முடியாது. படம் ஓடி முடிகிற வரை விக் அங்கேயே உட்கார்ந்திருந்தான். இரண்டாவது ஆர்ப்பரிப்பும் வந்து போனது. பெர்னி தொண்டையைச் செருமி, லைலுக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார். முதல் கை விக்குடையது.

விக் வண்டியை வீட்டுக்கு ஓட்டினான். வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் கேட்டான்.

"மழையில கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க."

"கோச் சொன்னார்."

"நீ?"

"நீ என்னைக் கேக்கலை விக்."

ஸ்டியரிங்கில் இருந்த காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டினான். "அன்னைக்கு நான் ரெண்டு பிடிச்சேன்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கூட்டம் கத்தியதே என்றாள் அவள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊருக்கு ஸபோ வீட்டு வாசலைத் தவிர வேறு வேலை இல்லை. விக்கின் வண்டி எத்தனை மணிக்குப் போகிறது, ரோண்டாவின் கார் எந்தத் தெருவில் நிற்கிறது, மாடியில் எத்தனை அறையில் விளக்கு எரிகிறது என்று கணக்கெடுத்தார்கள். மீன் வறுவல் விருந்துக்கு இருவரும் சேர்ந்து வந்து ஒரே தட்டில் முட்டைக்கோஸ் சாலட்டைப் பங்குபோட்டுத் தின்றது பலருக்குப் பெரிய ஏமாற்றம். இந்த மும்முரத்தில், மார்ச் மாதம் லைல் பனி லாரியின் சாவியைப் பஞ்சாயத்தில் ஒப்படைத்ததையோ, பெவ் தன் கொட்டகையின் சுழல் நாற்காலிகளை விற்றதையோ யாரும் கவனிக்கவில்லை. இருவரும் மாவட்ட அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்து, பனியே விழாத தென் கரோலினாவில் கடலோரம் ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஏப்ரலில் தப்பிப் பெய்த ஒரு பனியில் பெவ் வீட்டு வாசல் முழங்கால் அளவு மூடிக் கிடந்தபோதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. எத்தனை வருஷமாக என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஸ்கோர் போர்டு திறப்பு விழாவுக்கு லைல் வரவில்லை. பலகையைப் போட்டோ எடுத்து ரோண்டாதான் பெவ்வுக்கு அனுப்பினாள். லைல் அதைத் தன் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாகப் பதில் வந்தது.

விக் எங்கும் போகவில்லை. சந்தையில் எங்கோ பிடித்து ஒரு பழைய பிளேயர் வாங்கிவந்து வீட்டின் கீழறையில் வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் ரோண்டா மேலே சமையலறையில் மாவைத் தேய்த்து, கோப்பையால் வட்டம் வட்டமாக வெட்டிக்கொண்டிருப்பாள். கீழேயிருந்து மழை கேட்கும். கூட்டம் ஆர்ப்பரிக்கும். திருப்புடி என்று யாரோ கத்துவார்கள். அடுத்தது வருமுன் அவள் கை மாவின்மேல் நின்றுவிடும். "ம்" என்பாள் கீழே அந்தப் பெண். சர்ரென்று நாடா பின்னால் ஓடுகிற சத்தம், பிறகு மறுபடியும் மழை.