தையலுக்கு விடாத அரை இஞ்ச்

அக்காவின் பீரோவில் உடுத்துகிற துணி ஒரு தட்டுதான். மீதி நான்கு தட்டும் வெட்டாத துணி.

முப்பத்தோரு வருஷம் ரெடிமேட் தொழிற்சாலையில் கட்டிங் மேஜைக்கு முன்னால் நின்றவள் அவள். ஊருக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கென்று வாங்கியதை மட்டும் மடித்து மடித்து உள்ளே வைத்தாள். ரோலின் கடைசியில் மிஞ்சிய பூப்போட்ட பருத்தி, தள்ளுபடியில் கிடைத்த சாம்பல் நிறக் கம்பளி, இரண்டரை மீட்டர் மட்டுமே இருந்த கரும்பச்சைப் பட்டு. ஒவ்வொன்றிலும் குண்டூசியால் குத்திய ஒரு சீட்டு இருக்கும்: உறை 14, உறை 22. உறைகள் கீழ்த் தட்டில் இருந்தன. மூடிப்போன தையல் பள்ளி ஒன்று குப்பையில் போடவிருந்த காகிதப் பேட்டர்ன்கள் அவை, துணிமேல் வைத்து வெட்டுகிற அளவு அச்சுகள். ஐம்பது வருஷத்துக்கு முந்திய சரக்கு. உறைமேல் வரைந்திருந்த பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு, இடுப்பு என்ற ஒன்றே இல்லாமல் நின்று எங்கேயோ பார்த்துச் சிரித்தார்கள். அவற்றில் தன் அளவான முப்பத்தெட்டை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு, எந்தத் துணிக்கு எந்த உறை என்று அக்கா ஜோடி சேர்த்து முடித்திருந்தாள். ஏழு உடை. ரிட்டயர் ஆனதும் ஆற அமரத் தைத்துக்கொள்வது என்று திட்டம்.

ரிட்டயர் ஆன நான்காவது மாதம் வயிற்றில் கட்டி என்றார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

தங்கையை அக்கா 'பாபின்' என்றுதான் கூப்பிடுவாள், தையல் மிஷினுக்குள் நூல் சுற்றிப் போடுகிற குட்டிச் சக்கரத்தின் பெயர். குட்டையாகவும் உருண்டையாகவும் இருந்தது ஒரு காரணம். அதே தொழிற்சாலையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தது இன்னொன்று. அக்கா வெட்டுவாள், பாபின் தைப்பாள். வெட்டுகிற ஜாதியே வேறு என்பது அக்காவின் எண்ணம். "நீ பெடலை மிதி, போதும்" என்பாள். ஒருவரை விட்டால் ஒருவருக்கு வேறு ஆள் கிடையாது.

மருந்து ஏற்றும் ஆறு சுற்றும் முடிந்துவிட்டன. கட்டி கரைந்ததா இல்லையா என்று மூன்று வாரம் கழித்து ஸ்கேன் எடுத்துச் சொல்வதாக இருந்தார்கள். அந்த மருந்தில் அக்காவின் விரல் நுனிகள் மரத்துவிட்டன. கத்திரிக்கோலை எடுத்தால் அது நழுவிக் கீழே விழும்.

"ஸ்கேனுக்கு முன்னாடி ஏழையும் தச்சுடு பாபின். ஏழையும் ஒரு தடவையாவது போட்டுப் பாத்துடணும்."

"அதென்ன ஒரு தடவை? நைஞ்சு போற வரைக்கும் போடுவக்கா."

பாபின் அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அக்கா தேறிவிட்டாள் என்று உறுதியாக நம்பினாள். கன்னம் உப்பியிருந்ததே! மாத்திரையால் முகம் அப்படித்தான் உப்பும் என்று நர்ஸ் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருந்தாள். கழுத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. தொளதொள நைட்டி எல்லாவற்றையும் மூடியிருந்தது. குளியலறைக் கதவை அக்கா உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். எடை பார்க்கும் மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள்.

அன்று மதியம் அக்கா கண்ணயர்ந்ததும் பாபினுக்கு ஒரு வீம்பு வந்தது. எழுந்திருப்பதற்குள் முதல் உடையை முடித்துக் காட்டினால் என்ன? பச்சைப் பட்டை மேஜையில் விரித்தாள். பதினாலாம் உறையிலிருந்து மஞ்சளேறிய காகிதங்களை எடுத்து வைத்துக் குண்டூசி குத்தினாள். மேலுடம்புக்கு மட்டும் ஆறு துண்டு. காகிதத்தின் ஓரத்தை ஒட்டி, பிசிறில்லாமல் வெட்டினாள். அவ்வளவு அழகாக வெட்டியதில் அவளுக்கே பெருமை தாங்கவில்லை. பிறகு மிஷினில் உட்கார்ந்து, கை பழகியபடி எல்லா ஓரத்திலும் அரை இஞ்ச் உள்ளே விட்டு ஓட்டினாள்.

முடித்துத் தூக்கிப் பார்த்தாள். உடை ஏதோ பள்ளிக்கூடப் பெண்ணுக்குத் தைத்ததுபோல் இருந்தது. உறையைத் திருப்பினாள். பின்பக்கம், பொடி எழுத்தில் போட்டிருந்தது: தையலுக்கான துணி இதில் சேர்க்கப்படவில்லை, சுற்றிலும் விட்டு வெட்டவும்.

தொழிற்சாலையில் அவள் கைக்கு வரும் துண்டில் அந்த அரை இஞ்ச் எப்போதும் இருக்கும். அதை யாரோ விட்டு வெட்டுகிறார்கள் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆறு இணைப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச். முப்பத்தெட்டில் சுளையாக ஆறு இஞ்ச் போய்விட்டது. ஒட்டுப்போடவும் துணி மிச்சமில்லை. ஆழம் தெரியாமல் காலை விட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னடி மிஷின் சத்தம்?" அக்கா அறை வாசலில் நின்றிருந்தாள். "பச்சையா? கொண்டா, போட்டுப் பாக்கறேன்."

"இன்னும் முடியலக்கா. நாளைக்குப் பாக்கலாம்."

"கொண்டான்னா கொண்டா."

அக்கா முதுகைக் காட்டி நின்று நைட்டியைத் தலைவழியே கழற்றினாள். பாபின் பார்த்தாள். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தெரிந்தது. தோள்பட்டை எலும்புகள் தோலை முட்டிக்கொண்டு நின்றன. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் திட்டு விழுமே என்று பயந்தவள், இப்போது அந்தத் திட்டுக்காகவே வேண்டிக்கொண்டாள். தோளிலேயே சிக்கட்டும். கிழியட்டும். 'துணியை நாசம் பண்ணிட்டியேடி' என்று அக்கா வாய் நிறையத் திட்டட்டும்.

உடை எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பாபின் முதுகில் ஜிப்பை இழுத்தாள். கழுத்துவரை தானாக ஏறியது. இன்னும் இரண்டு விரல் உள்ளே விடலாம் போலிருந்தது.

அக்கா கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினாள். "நல்லாத்தான் இருக்கு. அளவெடுத்துத் தச்ச மாதிரி."

"ஆமாக்கா. கரெக்டா இருக்கு." என்றாள் பாபின். மூன்று வாரம் கழித்து டாக்டர் சொல்லப்போவதை அந்தப் பச்சைத் துணி முன்கூட்டியே சொல்லிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

அக்காவின் கண் மேஜைக்குப் போனது. வெட்டிய காகிதங்களையும் பக்கத்தில் கிடந்த துணி ஓரங்களையும் பார்த்தாள். முப்பத்தோரு வருஷக் கண்ணுக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"தையலுக்கு விட்டியா?"

பாபின் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா உதட்டுக்குள்ளேயே எண்ணினாள். ஆறுவரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். மிஷின் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்து, மரத்துப்போன விரல்களால் மடியில் இருந்த பட்டைத் தடவினாள். திட்டவே இல்லை.

"இருபத்திரண்டாம் உறைய எடு. அந்தக் கம்பளி."

பாபின் எடுத்து விரித்தாள்.

"அதையும் இப்படியே வெட்டு. தையலுக்கு விடாத."

"இல்லக்கா. அரை இஞ்ச் விடுறேன். ஒரு இஞ்ச்சே விடுறேன். உடம்பு தேறினதும் பிரிச்சு விட்டுக்கலாம்."

"யாருக்குடி பிரிக்கப் போற? உனக்கா? உன் உடம்புக்கு ஒரு இஞ்ச் எந்த மூலைக்கு?"

பாபினுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். பாபின் சாக்பீஸைக் கையில் எடுத்து, காகிதத்தைச் சுற்றி ஒரு இஞ்ச் தள்ளிக் கோடு போடப் போனாள். போடாமல் கீழே வைத்துவிட்டாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்திரிக்கோலை எடுத்து, காகிதத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டத் தொடங்கினாள்.

"நேரா வெட்டுறியே, பரவால்ல" என்றாள் அக்கா. "நாளைக்கே தச்சுடு பாபின். அடுத்த வாரம்னு தள்ளிப் போட்டா இதுவும் லூசாயிடும்."