எல்லைக்கல் ஏறிய படகு

எங்கள் ஊர் அம்மன் கடலில் விழுந்த வருஷம், எங்கள் கொல்லையில் விளைந்த மல்லாட்டை உப்புக் கரித்தது. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை; அவித்ததைச் சொல்லவில்லை. செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, பச்சையாக வாயில் போட்டதைச் சொல்கிறேன். இத்தனைக்கும் நாங்கள் இருப்பது ஒலக்கூர் பக்கம். கடலுக்குப் போக திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டும். எருமைகள் உப்புப் போட்ட மோரையே கறந்தன என்று சிலர் சொல்வார்கள். அது மிகை. கறந்தது பால்தான். உறை ஊற்றிய பிறகுதான் உப்பு தெரிந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷ மாசிமகத்தில் நடந்தது அது. உற்சவ அம்மனை மரக்காணம் கடற்கரைக்கு எடுத்துப்போய், அலையில் முழுக்காட்டி, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புவது வழக்கம். அந்த வருஷம் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் அம்மனைப் படகில் ஏற்றிக் காட்டினார்கள். எங்கள் பூசாரி தாண்டவராயனுக்குப் பொறுக்கவில்லை. கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு உண்டு. தூரத்தில் பார்த்தால் எருமை முதுகு; கிட்டே போனால் நாலு களத்துமேடு அகலம். வரைபடத்தில் தேட வேண்டாம், வரைபடம் போட வந்தவருக்கு அன்றைக்குக் கண்ணோய். அந்தத் திட்டைச் சுற்றி வந்தால்தான் ஆயிற்று என்றார் பூசாரி. சுற்றும்போது ஒரே ஒரு அலை வந்தது. குடை மிதந்தது, மாலை மிதந்தது. ஐம்பொன் மிதக்காது.

அதற்குப் பிறகு ஊரில் மேளச் சத்தம் இல்லை. அம்மன் எல்லைக்கு வெளியே இருக்கும்வரை ஊரில் தாலி ஏறக் கூடாது என்பது எங்கள் கட்டு. பக்கத்து வீட்டுக் கெங்கம்மாளின் மகள் செண்பகத்துக்கு முகையூரில் மாப்பிள்ளை பேசி வெற்றிலை மாற்றியிருந்தார்கள். முதலில் ஒரு வைகாசி போயிற்று. பிறகு இன்னொரு வைகாசியும் போயிற்று. மூன்றாவது வைகாசிக்கு மேல் காத்திருக்க முடியாது என்று முகையூரிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"திருவக்கரை கோயில்ல வச்சி முடிச்சிடலாமே" என்றேன் கெங்கம்மாளிடம்.

"நம்ம ஆத்தா காணாம கெடக்கறா. அடுத்த ஆத்தா வூட்டுல போயி எல போட்டு உக்காரச் சொல்றியா?"

செண்பகம் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை. ஆனால் அதிலிருந்த கேப்பை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

எனக்குத் திண்டிவனத்தில் பம்புசெட்டு ரிப்பேர் கொட்டகை. கிணற்றுக்குள் கழன்று விழுந்த இரும்பையெல்லாம் நானே மூழ்கி எடுப்பேன். மேலே நிற்பவன் இரண்டு பீடி குடித்து முடிக்கும்வரை அடியில் இருப்பேன். ஒருமுறை மூன்றாவது பீடிக்கு நெருப்பு இல்லாமல் போனதால்தான் மேலே வந்தேன். ஆனால் கடல் கிணறு இல்லையே. அதற்குத் தனி ஆள் வேண்டும். அந்த ஆளை மல்லாட்டைதான் கொண்டுவந்து சேர்த்தது.

விழுப்புரத்தில் மண்டி வைத்திருந்தவர் பாகுபலி நயினார். செஞ்சிப் பக்கத்துச் சமணர். வாலிபத்தில் கப்பற்படையில் முக்குளிப்பவராக இருந்தவர். எங்கள் ஊர் மூட்டையிலிருந்து ஒரு கொட்டையை உடைத்து வாயில் போட்டவர், மென்றுகொண்டே கேட்டார்.

"சுப்பராயலு, உங்க ஊரு சரக்கு மட்டும் ஏன் கடல் மாதிரி கரிக்குது?"

சொன்னேன். நயினார் சிரிக்கவில்லை. உள்ளே போய், கோணி மூடிய இரும்பு உருளை ஒன்றையும், கண்ணாடி முகமூடியையும், தவளைக்கால் செருப்பையும் எடுத்துவந்து வைத்தார்.

"காத்து பிடிக்கணும்" என்றார்.

"நம்ம லாரி டயர் கடையில பிடிச்சிக்கலாம் நயினாரே."

"டயருக்கு நுரையீரல் கெடையாது சுப்பராயலு. இதுக்குச் சுத்தமான காத்து வேணும், அழுத்தமும் பல மடங்கு வேணும். மெட்ராஸ் துறைமுகத்துல எனக்கு ஒரு சிநேகிதன் கீறான். ஒரே ஒரு தடவை அடைச்சுத் தருவான். ஒரு முழுக்குக்குத்தான் வரும்."

பங்குனியில், கடல் அடங்கியிருந்த சமயம், என் கொட்டகையில் கூடினோம். நயினார், பூசாரி, செண்பகம், அன்றைக்கு அம்மனை ஏற்றிப்போன மரக்காணத்துப் படகுக்காரன் கன்னியப்பன், நான். எங்கே அலை அடித்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று தரையில் சாக்கட்டியால் திட்டை வரைந்து காட்டினான் கன்னியப்பன்.

நயினார் தன் நிபந்தனைகளைச் சொன்னார். படகில் வலை இருக்கக் கூடாது. பூசைக்குச் சேவல் கூடாது, பூசணிக்காய் போதும். பொழுது சாய்ந்த பிறகு அவர் சாப்பிட மாட்டார். குடிதண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும்.

"வலை இல்லாம கடலுக்குப் போறது, மாமியார் வூட்டுக்குப் போயி பட்டினியா வர்ற மாதிரி நயினாரே" என்றான் கன்னியப்பன்.

"ஒரு நாளைக்குப் பட்டினியா வா. மாமியாருக்கும் நல்லது."

எனக்கும் ஒரு புத்தி சொன்னார். "கீழ உன்ன வுட்டா நீ மூச்சை அடக்குவே. இந்தச் சிலிண்டரு மாட்டிக்கினு மேல வரும்போது மூச்சை அடக்குனா நெஞ்சு வெடிச்சிடும். நீ படகுலயே உக்காரு." இரண்டு பீடி மூச்சுக்காரனுக்கு இப்படி ஒரு மரியாதை.

கடைசியாக அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. வெயில் ஏறினால் காற்று வரும், தண்ணீர் கலங்கும். விடிந்ததும் முழுக வேண்டும். அதனால் முதல் நாள் சாயங்காலமே போய்த் திட்டில் தங்கிவிட வேண்டும்.

பூசாரி தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு என்னுடையதைப் பார்த்தார். பிறகு செண்பகத்துடையதை.

அம்மன் காரியம் என்றால் முதலில் காப்புக் கட்டுவதுதான் எங்களுக்குப் பழக்கம். போன வெள்ளிக்கிழமையே மூன்று பேருக்கும் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டிருந்தார் பூசாரி. கடலிலிருந்து வரும் அம்மனைக் காப்புக் கட்டிய கைதான் வாங்க வேண்டும். அந்தக் கை பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இரவு எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. காப்பை அவிழ்க்கவும் கூடாது. அம்மன் எல்லைக்குள் வந்த பிறகுதான் அவிழ்க்கலாம்.

"அப்ப நாம போனாத்தான் ஆத்தா வருவா" என்றாள் செண்பகம் மெதுவாக. "ஆத்தா வந்தாத்தான் நாம போவலாம்."

கன்னியப்பன் சாக்கட்டித் திட்டைக் காலால் அழிக்கப் போனான். செண்பகம் அவன் காலைப் பார்த்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான். அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது. கிணற்றுக்குள் இரும்பு எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் துழாவும்போது எனக்கு ஏதாவது உளறத் தோன்றும். அப்படித்தான் உளறினேன்.

"எல்லைக்கல்லையே எடுத்துக்கினு போனா?"

பூசாரி நிமிர்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நெடுநேரம் தாடியைத் தடவினார்.

"கல்லு எங்கயோ அங்கதான் எல்லை" என்றார்.

கிழக்கு எல்லைக்கல்லைப் பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பெயர்த்து எடுத்தோம். ஒரு ஆட்டுக்குட்டி உயரம், ஒரு மாட்டின் பாரம். பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் கேட்டார், "இன்னாய்யா இது?"

"எங்க ஊரு எல்லைங்க" என்றார் பூசாரி.

கண்டக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வழியில காலு தட்டாம ஓரமா வையி" என்றார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாம் எங்கள் ஊருக்குள் ஏறி, எங்கள் ஊரிலிருந்து இறங்கிப் போனார்கள். திண்டிவனம் மார்க்கெட் முழுவதும் சிறிது நேரம் எங்கள் ஊராக இருந்தது. யாருக்கும் தெரியாது. பூசாரி மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்து, "குப்பையைக் கூட்டாம வச்சிருக்கானுங்கோ" என்றார்.

படகு விளிம்புவரை தாழ்ந்தது. கன்னியப்பன் கல்லைத் திட்டினான், பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் திட்டில் இறங்கி, பாறை இடுக்கில் கல்லை நட்டு, எங்கள் ஊரிலேயே தூங்கினோம்.

விடிந்ததும் நயினார் உருளையை முதுகில் கட்டி, உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நீரில் சாய்ந்தார். குமிழிகள் வந்தன. செண்பகம் குமிழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குமிழி நகர்ந்தால் அவள் முகமும் நகர்ந்தது. ஓரிடத்தில் வெகுநேரம் நின்றது. எனக்கு மூச்சு முட்டியது. நான் தண்ணீரிலேயே இல்லை.

அவர் மேலே வந்தபோது கை வெறுமையாக இருந்தது. முகமூடியைக் கழற்றி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கறாங்க" என்றார். "பாறை இடுக்குல, நேரா உக்காந்துக்கினு. மடி முழுக்கச் சிப்பி. தோளையும் பாறையையும் ஒண்ணா ஒட்டி வளந்து கீது. தூக்குன கைக்கு அடியில மீனு முட்டை வுட்டிருக்குது. தாய் மீனு அங்கயே சுத்திக்கினு கீது, என்னைப் பாத்து நகரல. உளிய வச்சா வந்துடுவாங்க. எத்தினி உசுரு போவும்னு எண்ண முடியாது. நான் உசுரக் கொல்றதில்லன்னு நோன்பு எடுத்தவன். என் கையால முடியல, மன்னிச்சிடுங்க."

பூசாரி படகின் விளிம்புக்குக் குனிந்தார். "நயினாரே, உங்கள நம்பி ஊரே..."

"தெரியும் பூசாரி."

"காத்து மிச்சம் இருக்குதா? நான் போறேன்" என்றேன்.

"இல்ல. இருந்தாலும் தர மாட்டேன்."

உருளை காலி. வைகாசி வந்துகொண்டிருக்கிறது. கன்னியப்பன் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். செண்பகம் எழுந்து நின்றாள். படகு ஆடியது. அவள் ஆடவில்லை. திட்டில் நட்ட கல்லைப் பார்த்தாள், பிறகு குமிழி நின்ற இடத்தைப் பார்த்தாள், பிறகு மேற்கே கரையைப் பார்த்தாள்.

"பூசாரி மாமா, கெழக்கு எல்லை எங்க கீது?"

"அதோ, திட்டுல."

"ஆத்தா திட்டுக்கு அந்தாண்டையா, இந்தாண்டையா?"

குமிழி வந்த இடம் கரைப் பக்கம். திட்டுக்கு மேற்கே. பூசாரி திரும்பத் திரும்பக் கல்லையும் கடலையும் பார்த்தார்.

"இந்தாண்ட" என்றார்.

"அப்ப ஆத்தா ஊருக்குள்ளதான இருக்கறா?"

நயினார் தண்ணீருக்குள் இருந்தபடியே கைகூப்பினார். யாருக்கு என்று தெரியவில்லை. பூசாரி திட்டில் ஏறிக் கல்லுக்குக் கற்பூரம் ஏற்றினார். காற்று இருந்தும் அணையவில்லை. பிறகு வந்து, முதலில் செண்பகத்தின் காப்பை அவிழ்த்தார். அவள் அதை வாங்கி, குமிழி நின்ற இடத்தில் போட்டாள். மஞ்சள் நூல் சிறிது நேரம் மிதந்துவிட்டு இறங்கியது.

கல்லை நாங்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை. வைகாசியில் மேளம் அடித்தது. முதல் தாம்பூலத் தட்டைக் கிழக்கே பார்த்து வைத்தாள் கெங்கம்மாள். நயினார் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு விழுப்புரம் கிளம்பினார்.

அன்றிலிருந்து எங்கள் ஊர் கடல்வரை இருக்கிறது. திண்டிவனம் அதில் ஒரு தெரு. அவர்களிடம் இதுவரை சொல்லவில்லை. மல்லாட்டை இன்னமும் கரிக்கிறது. யாரும் குறை சொல்வதில்லை. ஆத்தா வீட்டில் இருக்கிறாள் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.