கேட் திறக்கும் சத்தம்

அந்த வார்த்தையை அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா, எரிச்சலில் சொன்னாரா என்பதை இப்போது யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி இப்போது உயிரோடு இல்லை. மீதி இரண்டு பேரின் நினைவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. "சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்" என்பார் கட்டிங் மாஸ்டர். அவர் மனைவி அதைக் கேட்டபடி கையில் இருக்கும் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். கேட்டதைச் சொல்வதில் இங்கும் ஒன்றிரண்டு இடம் தவறக்கூடும்.

மாஸ்டருக்கு இடுப்பில் வலி ஆரம்பித்து இரண்டு வருடம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றபடியே வேலை. அறுபது அடுக்குத் துணியை மேசைமேல் விரித்து, குனிந்து, மெஷினை வளைவு வளைவாக ஓட்டவேண்டும். ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை. ஸ்கேன், ஊசி, பெல்ட், மாத்திரை எல்லாம் ஆயிற்று. ஆபரேஷன் செய்கிற அளவுக்கு ஒன்றுமில்லை, வலி முழுதாக விட்டுப்போகவும் போகாது என்றார்கள். இரண்டு மாதம் லீவு கிடைத்தது.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிப் பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

"வலி உங்க வீட்டுக்கு விருந்தாளியா வரலை சார், குடித்தனமே வந்துடுச்சு. எப்பப் போவ, எப்பப் போவன்னு அது வாசல்லயே நின்னீங்கன்னா உங்க பொழப்பு கெட்டுடும். அது ஒரு ரூம்ல இருக்கட்டும். நீங்க நடங்க."

"எவ்வளவும்மா நடக்கணும்?"

"வீட்டுக்குள்ள இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பன்னெண்டு நடை. நல்லா இருக்கிற நாள்லயும் பன்னெண்டுதான். சூரப்புலியாட்டம் முப்பது நடந்துட்டு மறுநாள் படுத்துக்கக் கூடாது. மோசமான நாள்லயும் பன்னெண்டுதான், நின்னு நின்னு நடங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒண்ணு கூட்டிக்கலாம்."

மாஸ்டர் நடந்தார். வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நடந்தார். வாசலிலிருந்து சமையலறை வரை போகும் ஒடுங்கிய இடைவழி. ஒரு பக்கச் சுவரில், முழங்கை உயரத்தில், வாசல் பக்கத்திலிருந்து உள்ளறை வரைக்கும் ஒரு மங்கலான கறை நீளமாக ஓடும். இரண்டு முறை பெயின்ட் அடித்தும் அது மேலே வந்துவிட்டது. வலி சுருக்கென்று ஏறும்போது மாஸ்டரின் கை தானாகச் சுவரைத் தேடும். தேடிய கை சரியாக அந்தக் கறையின் மேலேயே போய் விழும். அவர் சட்டென்று கையை எடுத்துக்கொள்வார்.

அது அவருடைய அக்காவின் கை போன வழி. கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்த அக்காவுக்கு மூட்டுக்கு மூட்டு வலி. உள்ளறையில் இருந்த மரக்கட்டிலும் அவளுடையதுதான். கட்டாந்தரை மாதிரி கெட்டியான கட்டில் இடுப்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் இப்போது மாஸ்டர் அதில் படுக்கிறார். புரண்டு படுத்தால் அது ஒரு ஓசை எழுப்பும். அக்கா புரண்டபோது எழுப்பிய அதே ஓசை. பல நாள் அவர் புரளாமலே கிடந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு நடந்ததற்குக் காரணம் இருந்தது. தொழிற்சாலையின் சூப்பர்வைசர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். நலம் விசாரிக்கிற மாதிரி வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு முன்னால் நடமாடினால், 'ஆள் நல்லாத்தானே இருக்கார்' என்று ஆபீசில் போய்ச் சொல்லிவிடுவார். லீவு போய்விடும். ஆகையால், இரும்புக் கேட் கிறீச்சிட்டதோ இல்லையோ, மாஸ்டர் எந்த நடையில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொள்வார். ஓடும்போது இடுப்பில் மின்னல் வெட்டும். பல்லைக் கடித்துக்கொள்வார்.

அன்று காலை எட்டாவது நடையில் கேட் சத்தம் கேட்டது. ஓடினார். போர்வைக்குள் போன பிறகுதான் காலில் கேன்வாஸ் ஷூ இருப்பது தெரிந்தது. மனைவி கதவைத் திறந்தாள். சூப்பர்வைசர் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன மாஸ்டர், எப்படி இருக்கு?"

"அப்படியேதான் சார் இருக்கு."

சூப்பர்வைசர் வியர்வை வழிந்த அவர் நெற்றியைப் பார்த்தார். போர்வைக்கு அடியில் புடைத்துக்கொண்டிருந்த ஷூவைப் பார்த்தார். மெதுவாகச் சிரித்தார்.

"படுத்துக்கிட்டே மூச்சு வாங்குற ஆளை இப்பத்தான் மாஸ்டர் பாக்குறேன்."

மாஸ்டர் ஷூக் காலை மடக்கிக்கொண்டார். மனைவி மாஸ்டரைப் பார்த்தபடியே தேநீர்க் குவளையை நீட்டினாள். சூப்பர்வைசருக்குத் தம் நகைச்சுவை எடுபட்டதில் திருப்தி. குடித்துவிட்டுப் போனார். கேட் மறுபடி கிறீச்சிட்டது.

மாஸ்டர் போர்வையை விலக்கி ஷூவைக் கழற்றினார்.

"நான் சொன்னது," என்றார் மாஸ்டர். "அதே வார்த்தை. அக்காகிட்ட நான் சொன்னது."

"ம்."

"கத்திரிக்கோலை மறந்துட்டு மத்தியானம் திரும்பி வந்தேன். படுத்துக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டிருந்தா. விளையாட்டாதான் சொன்னேன். ஃபேக்டரில கூட டீ டைம்ல சொல்லிச் சிரிச்சிருக்கேன்."

மனைவி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து வருடங்கள் ஆகியிருக்கும்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? ஒருநாள் காலையில அண்ணி இந்த வழியா நல்லா நடந்தாங்க. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நீங்க பாத்துட்டு, 'இவ்வளவு தூரம் நடக்கிறவளுக்குப் பாத்திரம் தேய்க்க மட்டும் வலிக்குதா'ன்னீங்க."

மாஸ்டர் போர்வை நுனியை இழுத்து மடித்தார்.

"அன்னையிலேருந்து நீங்க வேலைக்குப் போனப்புறம்தான் நடப்பாங்க. என்னை ஜன்னல்ல நிக்க வைப்பாங்க. 'தம்பி வந்தா சொல்லும்மா, படுத்துக்கறேன். படுத்திருந்தாத்தான் அவன் நம்புறான்'னு சொல்வாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க."

"அன்னைக்கு..."

"அன்னைக்கு நீங்க நேரங்கெட்ட நேரத்துல வந்தீங்க. கேட் சத்தம் கேட்டுது. அண்ணி ஓடினாங்க. அந்த உடம்பை வச்சுக்கிட்டு ஓடினாங்க. கட்டில் சட்டத்துல இடுப்பு மோதி விழுந்துட்டாங்க. நான் போறதுக்குள்ள தானே கையூணி ஏறிப் படுத்துப் போர்வையை இழுத்துக்கிட்டாங்க. நீங்க வந்து நின்னு அதைச் சொன்னீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லாதேன்னாங்க. எனக்கும் வாய் வரலை. நான் இந்த வீட்டுக்கு வந்து மூணு வருஷம்கூட ஆகலை. அதுவும் போக..." அவள் சமையலறைப் பக்கம் பார்த்தாள். "அன்னைக்கு நான் ஜன்னல்ல இல்லைங்க. பால் பொங்கிடுச்சு. அடுப்பை அணைக்கப் போயிருந்தேன்."

அதற்குப் பிறகு அக்கா எழுந்து நடக்கவே இல்லை. இரண்டரை வருடம் அந்தக் கட்டிலில் கிடந்தாள். சோம்பேறித்தனம் முற்றிவிட்டது என்றுதான் மாஸ்டர் எல்லாரிடமும் சொல்லிவந்தார். ஒருநாள் விடியும்போது அவள் புரளவில்லை.

மாஸ்டர் ஆறு நாள் நடக்கவில்லை. வலி கூடியது என்பது ஒரு காரணம். இடைவழியில் கால்வைத்தால் முன்னால் ஒருத்தி காலை இழுத்து இழுத்துப் போகிற மாதிரி இருந்தது என்பது இன்னொன்று. ஏழாம் நாள் காலுக்கே முறுக்கேறி, எழுந்து நிற்பதற்கு மனைவியின் தோள் வேண்டியிருந்தது. நின்றவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் ஒரு மாதம் இப்படிக் கிடந்தால் இது தன்னை விடாது என்று புரிந்தது.

"வாசக் கதவைத் திற," என்றார்.

"எதுக்கு?"

"திறந்து வை. திரையையும் ஒதுக்கிவிடு."

நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது நடையில் வலி பிடித்தது. கை சுவரைத் தேடிக் கறையின்மேல் விழுந்தது. இந்தமுறை அவர் கையை எடுக்கவில்லை. நின்றார், மூச்சு விட்டார், நடந்தார். ஒன்பதாவது நடையில் கேட் கிறீச்சிட்டது. அவர் உடம்பு முழுக்க உள்ளறைப் பக்கம் ஒருமுறை சாய்ந்தது. மனைவி சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

மாஸ்டர் ஓடவில்லை.

"அடடே!" என்றார் உள்ளே நுழைந்த சூப்பர்வைசர். "நடை பலமா இருக்கே மாஸ்டர்! அப்ப நாளைக்கே கட்டிங் டேபிளுக்கு வந்துடலாம் போலிருக்கே?"

"ஒம்பது முடிஞ்சுது. இன்னும் மூணு பாக்கி இருக்கு. உக்காருங்க சார்."

மூன்றையும் முடித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினார்.

"போன வாரம் ஷூவோட படுத்திருந்தேன், பாத்தீங்க. நடக்கிறதை நீங்க பாத்தா வலியே பொய்ன்னு சொல்லிடுவீங்கன்னு பயம். எங்கக்காவும் இப்படித்தான் பயந்தா. அவ பயந்தது எனக்கு. நான் வர்ற சத்தம் கேட்டு ஓடி விழுந்தா, அப்புறம் எந்திரிக்கலை. வலி இருக்கிறவன் நடந்தா அவனுக்கு வலி இல்லைன்னு அர்த்தமில்லை சார். வலியோட நடக்கிறான்னு அர்த்தம். படுத்தாத்தான் நம்புவோம்னு நாம சொன்னா, அவன் படுத்தே செத்துப்போவான். நம்ப முடியலைன்னா சும்மாவாவது இருக்கணும். நான் இருக்கலை."

சூப்பர்வைசர் வாசல் பக்கம் திரும்பினார். அன்றைக்குத் தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டரின் லீவு அந்த வாரமே ரத்தாயிற்று. சூப்பர்வைசர் சொல்லித்தானா என்பது தெரியாது. பத்து நாள் மேசையில் நின்று பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தும் எழுந்தும் செய்யக்கூடிய, அட்டையில் துணி வடிவம் வரைகிற பிரிவுக்கு மாற்றினார்கள். கட்டிங் மேசை வேறொருவருக்குப் போயிற்று. பெயர் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. வலியும் தங்கிவிட்டது. இப்போது பத்தொன்பது நடை, நல்ல நாளிலும் மோசமான நாளிலும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. பிசியோதெரபிப் பெண் வேறு ஊருக்குப் போய்விட்டாள். சூப்பர்வைசர் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. போன வருடம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது அந்த ஒரு சுவரை மட்டும் மாஸ்டர் விட்டுவிடச் சொன்னார். அவர் மனைவி இன்னமும் பால் பொங்கும்போதெல்லாம் அடுப்பை விட்டுவிட்டு ஜன்னலைத்தான் பார்க்கிறாள்.